கணக்குப் போடாமல் கையெழுத்திடலாமா?



ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் இப்பொழுது ஆடம்பர மின்மகிழுந்துப் பேச்சுதான். "ஒருமுறை மின்னேற்றினால் 500 கிலோமீட்டர்" என்பதை வேதவாக்காக நம்புகிறோம். மாணவரிடம் வழிமுறையைக் கேட்கும் நாம், விற்பனையாளரிடம் கேட்பதில்லையே, ஏன்?

அவ்வெண் பெரும்பாலும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் பிறப்பது. அங்குச் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர், குளிரூட்டி ஓடாது. நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலோ வேகம் 110, குளிரூட்டி ஓயாது. ஆகவே, நெடுஞ்சாலைக்கு நான் முக்கால் பங்கையே கொள்கிறேன்: 375. அதில் பத்து விழுக்காட்டை இருப்பாக வைத்தால் 337. கோலாலம்பூரிலிருந்து பினாங்கோ சுமார் 350!

ஆனால், நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடுவோருக்கு அந்த 337-உம் ஆறு நாளுக்குப் போதும். பிறகு பெரிய மின்கலத்திற்குக் கூடுதல் பணம் எதற்கு?

சக்கரத்தையும் பாருங்கள். 2023-இல் வெளிவந்த புதுப்பிக்கப்பட்ட டெஸ்லா மாடல் 3 நெடுந்தொலைவு வகைக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட அளவு, 18 அங்குலச் சக்கரத்துடன் 678 கிலோமீட்டர். 19 அங்குலத்துடன் 629. ஓர் அங்குல அழகின் விலை 49 கிலோமீட்டர்!

பெரிய சக்கரமும் கண்ணாடிக் கூரையும் அண்டை வீட்டார் கண்ணுக்கு; வீட்டு மின்னேற்றியே நமக்கு. அதைப் பொருத்த இடமில்லாத அடுக்குமாடிவாசிகள் பொறுத்திருப்பதே நன்று.

ஒன்பது ஆண்டுக் கடனை அடைக்கப்போவது பிள்ளைகளின் கல்விக்குரிய பணமன்றோ? சிந்திப்போம்.