முதல் குடம் யாருக்கு?

காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. அதற்கு எவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று கேட்டால், நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. அதே நேரத்தில், வீட்டுக் குழாய் இல்லாத ஒரு தெருவில், ஒரு தாய் குடத்தோடு வரிசையில் நிற்கிறார், அல்லது தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். ஒரு குடம் என்ன விலை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வீடுகள் தாங்கள் பயன்படுத்தும் தண்ணீருக்கு, அளவு பார்த்துக் கட்டணம் செலுத்தவேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இந்த இரண்டு வீடுகளையும் நாம் சேர்த்தே நினைத்துப் பார்க்கவேண்டும்.

கட்டணம் வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மழை இலவசம்தான். ஆனால், தண்ணீரைச் சுத்திகரிக்க, குழாய் பதிக்க, மோட்டார் ஓட்ட, கழிவுநீரை அகற்றப் பணம் தேவை. பயன்பாட்டை அளக்காத இடத்தில், தோட்டத்துக்கும் காருக்கும் ஊற்றுபவரும், இரண்டு வாளியில் நாளைக் கழிப்பவரும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றனர். ஒழுகும் குழாயைச் சரிசெய்யவும் யாருக்கும் அவசரமில்லை.

இந்தக் கேள்விக்கு விடை காண முயன்ற நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா. போதுமான தண்ணீர் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று, 1996ஆம் ஆண்டின் அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. 2001ஆம் ஆண்டில், ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் தண்ணீர் இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்ற திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. கேட்பதற்கு மிக நியாயமான ஏற்பாடு.

ஜோஹன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோ பகுதியில், அதுவரை ஒவ்வொரு வீடும் மாதம் 20,000 லிட்டர் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டு, ஒரே சீரான கட்டணம் கேட்கப்பட்டது. உண்மையில் சராசரியாக 67,000 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் ஒழுகல். எனவே மாநகராட்சி குழாய்களைச் சீர்செய்தது, முன்பணம் கட்டும் மீட்டர்களையும் பொருத்தியது. இலவச அளவு தீர்ந்தால் மீட்டர் தானாக நின்றுவிடும். பணம் கட்டினால்தான் மீண்டும் தண்ணீர்.

சொவேட்டோவின் பீரி பகுதியில் வாழ்ந்த லிண்டிவே மசிபுகோ என்ற பெண்ணும் வேறு நால்வரும் நீதிமன்றம் சென்றனர். இலவச அளவு, ஒரு வீட்டில் எட்டுப் பேர் என்ற கணக்கில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஆனால் மசிபுகோவின் வீட்டு மனையில் ஏறக்குறைய 20 பேர் வாழ்ந்தனர். அந்த 6,000 லிட்டரை 20 பேருக்குப் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். சமையல், குளியல், துணி, கழிப்பறை அனைத்தும் அதற்குள் முடியவேண்டும். அதே நகரின் வசதியான பகுதிகளிலோ தண்ணீர் முதலில் வரும், பில் பிறகு வரும். பாக்கி விழுந்தால் நோட்டீஸ் வரும், அவகாசமும் கிடைக்கும். செல்வர் குடித்துவிட்டுப் பணம் கட்டலாம். ஏழை பணம் கட்டிவிட்டுத்தான் குடிக்கவேண்டும்.

2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், ஆளுக்கு 50 லிட்டர் வழங்கவேண்டும், அந்த மீட்டர்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. எவ்வளவு தண்ணீர் என்று நிர்ணயிப்பது அரசின் பொறுப்பு, மாநகராட்சியின் ஏற்பாடு நியாயமானதே என்றது. இருந்தாலும் அந்த ஏழைகளின் போராட்டம் வீண்போகவில்லை. வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே, பதிவுசெய்த ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அளவை மாநகராட்சி உயர்த்தியது.

சொவேட்டோ நமக்குச் சொல்வது என்ன? கட்டணமா, இலவசமா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. யாரை எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். வீட்டை எண்ணினால், பின்கட்டில் குடிசை போட்டு வாழும் குடும்பம் கணக்கில் வராது. நம் நாட்டிலும் இதே நிலைதான். தில்லியில் 2015ஆம் ஆண்டில் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்று அறிவித்தபோது, அது மீட்டர் உள்ள இணைப்புகளுக்கே கிடைத்தது. குழாயே இல்லாத வீட்டுக்கு இலவசத்தால் என்ன பயன்? 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். வசதியுள்ள வீடுகள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்தன. மற்றவர்கள் குடத்தோடு தெருவில் நின்றனர்.

2010ஆம் ஆண்டு ஜூலையில் ஐ.நா. பொது அவை, பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் இதே உரிமையை வலியுறுத்தினார். உரிமை என்றால் எல்லாருக்கும் எல்லாத் தண்ணீரும் இலவசம் என்று பொருளல்ல. பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவர்கூடத் தாகத்தோடு விடப்படக்கூடாது என்பதே அதன் பொருள்.

எனவே, அளந்து கட்டணம் வாங்குவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்குமுன் சில காரியங்கள் நடக்கவேண்டும். குழாய் இல்லாத வீட்டுக்கு முதலில் குழாய் வரட்டும். வாழத் தேவையான அளவு, வீட்டுக்கு இவ்வளவு என்றில்லாமல், ஆளுக்கு இவ்வளவு என்று உறுதியாகட்டும். பணம் கட்டாததற்காக அந்த அளவை யாரும் நிறுத்தக்கூடாது. அதற்கு மேல் பயன்படுத்தும் நாம், பயன்பாடு கூடக் கூட, கூடுதலாகச் செலுத்துவோம். அந்தப் பணம் அடுத்த தெருவுக்குக் குழாய் போடப் பயன்படுமானால், அதை மகிழ்ச்சியோடு கொடுக்கலாம்.

அன்பர்களே, அடுத்த முறை தண்ணீர்க் கட்டணம் உயர்கிறது என்ற செய்தி வரும்போது, நமக்கு எவ்வளவு கூடும் என்று மட்டும் பார்க்கவேண்டாம். வரிசையில் நிற்கும் அந்தத் தாயின் குடம் இதனால் நிறையுமா என்றும் கேட்போம்.