வீரன் என்ற சொல்

கடம்பூர்ப் பக்கம் இன்று ‘ஹீரோ’ என்றால் திரையில் வருபவர்தான். கதாநாயகன் என்ற சொல்லிலேயே கதை இருக்கிறது. கதை முடிந்தால் அவன் வேலையும் முடிந்தது. தலைவனுக்குப் பின்னால் ஆட்கள் வேண்டும். வீரனுக்கோ இரண்டும் தேவையில்லை. பக்கத்துக் கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்குக் கயிற்றின் முன் நின்றபோது கோட்டையும் இல்லை, படையும் இல்லை. ஆனாலும் இந்தக் கரிசல் மண் அவரை வீரன் என்றே சொல்கிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்டு வணங்கிய மரபு நம்முடையது. வெற்றியை வைத்து நாம் வீரத்தை அளந்ததில்லை. பிறருக்காகத் தன்னைக் கொடுத்தவனுக்குரிய சொல் ‘வீரன்’. அதைப் பட போஸ்டர்களுக்குத் தாரைவார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொருளோடு சொல்லிக் கொடுப்போம்.