தேய்மானத்துக்கு யார் பொறுப்பு?

நாணயத்தின்மேல் அரசன் தன் தலையைப் பொறிப்பது, உரிய எடை அதனுள் உண்டு என்பதற்குத் தானே பிணை நிற்பதாக அறிவிப்பதற்கே. அக்கசாலையை விட்டுக் காசு வெளியேறிய நாளோடு அந்தப் பிணை தீர்ந்துவிடுமா?

பழங்காசுகள் கைமாறியும் பைக்குள் உரசியும் இயல்பாகத் தேய்வதுண்டு. களவால் குறைவதே பெரிது. சம்மட்டியால் அடிக்கப்பட்ட இங்கிலாந்தின் வெள்ளிக்காசுகளுக்கு ஒழுங்கான விளிம்பு இல்லாமையால், ஓரத்தைக் கத்தரித்தவர்களும், தோற்பையில் இட்டுக் குலுக்கி உதிர்ந்த துகளைச் சேர்த்தவர்களும் பெருகினர். 1662 முதல் பொறியில் அடித்த காசுகளின் விளிம்பில் எழுத்தும் வரியும் பதித்தும் பயனில்லை. முழு எடையுள்ள புதுக்காசு பெட்டிக்குள்ளும் உருக்குலைக்குள்ளும் போய்ச்சேர, நறுக்குண்ட காசே சந்தையில் உலவியது. 1695-இல் கருவூலச் செயலர் வில்லியம் லவுண்டஸ் நிறுக்கச் செய்தபோது, வரியாக வந்த காசுகள் உரிய எடையில் ஏறத்தாழப் பாதியே இருந்தன. இத்தனைக்கும், காசு நறுக்குவது அந்நாட்டில் உயிர்த்தண்டனைக்குரிய அரசத் துரோகம்.

மறு ஆண்டு அனைத்தையும் உருக்கி முழு எடையில் அடிக்கத் துணிந்த அரசு, நறுக்குண்ட காசை வரிக்கு முகமதிப்பில் ஏற்க 1696 மே 4-ஐப் பொதுக்கெடுவாக வைத்தது. கட்டுவதற்குப் பெருவரி உடையவன் கெடுவுக்குள் தன் பையைக் கழித்துக்கொண்டான். அன்றாடக் கூலியை அந்தக் காசிலேயே வாங்கியவன் கையில் அது தங்கிப்போயிற்று. அரசுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யப் பலகணி வரி விதிக்கப்பட்டது. நறுக்கியவன் ஈட்டியதை நறுக்காதவன் கட்டினான். இதை நாம் நீதி என்று ஒப்ப இயலாது.

பொற்காசிலும் இதே வழக்கு நீண்டது. நம் நகைக்கடைகளில் சவரன் என்னும் சொல்லுக்கு மூலமான அந்தக் காசின் எடை 7.988 கிராம்; 7.938-க்குக் கீழ் இறங்கினால் செல்லாது. இடைவெளி அரைக் குன்றிமணிக்கும் குறைவு. அவ்வாறு குறைந்த காசை வாங்குபவர் வெட்டிச் சிதைக்க வேண்டும், இழப்பு கொடுத்தவருக்கே என்றது 1870-ஆம் ஆண்டுச் சட்டம். பலர் கையில் தேய்ந்ததன் கூலியைக் கடைசியாக வைத்திருந்த ஒருவரே கொடுக்க நேர்ந்தது. ஆகவே விவரம் அறிந்தோர் அத்தகைய காசை வங்கிப்பக்கம் கொண்டுசெல்லாமல் அடுத்தவர் கையில் தள்ளினர்.

1891-இல்தான், களவின்றி இயல்பாகத் தேய்ந்த பொற்காசை முகமதிப்பிலேயே திரும்பப் பெறவும், குறைந்த பொன்னின் விலையைப் பொதுக்கருவூலமே ஏற்கவும் அந்நாட்டு நாடாளுமன்றம் இசைந்தது.