மூலத்தினின்று தொகுத்தல் வீண்முயற்சியோ?

ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளை விடுத்து அதனைத் தாமே செய்துகொள்ள முயல்வாரை உலகம் நகைத்தே நோக்கும். சென்ற பருவத்தில் எம் கல்லூரி நூல்நிலையத்தில் வேலையின்றிக் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றில், சாம்பா என்னும் மென்பொருளை அதன் மூலநிரலினின்று யாமே தொகுத்து நிறுவ முற்பட்டபோது எமக்கும் அந்நகை கிட்டியது. ஒரே கட்டளையில் வந்து சேரும் பொருளுக்கு மூன்று மாலைப் பொழுதைச் செலவிடுவானேன் என நண்பர் சிலர் வினவினர். வினா நியாயமானதே. அதற்கு யாம் கண்ட விடையை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

இத்துறையிற் பழக்கமில்லாதார் பொருட்டு முதற்கண் சில கூறுதல் வேண்டும். ஒரு கணிப்பொறியிலுள்ள கோப்புக்களைப் பிற பொறிகளில் அமர்ந்திருப்போரும் தம்முடையன போலத் திறந்து படிக்கவும் எழுதவும் இடந்தருவது கோப்புப் பகிர்வு எனப்படும். விண்டோஸ் இயங்கும் பொறிகள் இதன்பொருட்டு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைக் கையாளும். யூனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களும் அந்நெறிமுறையிற் பேசுமாறு செய்யும் சர்வர் மென்பொருளே சாம்பா. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது அதற்குரிய குனூ பொது உரிமத்தின் சாரம்.

இதன் பிறப்பு மாணவர்க்கு ஊக்கந்தருவதொன்று. 1991-ஆம் ஆண்டின் இறுதியில், கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார், தம் மேசைமேலிருந்த டாஸ் பொறியினின்று யூனிக்ஸ் பொறியின் கோப்புக்களை அடைய விரும்பினார். நெறிமுறையை விளக்கும் ஏடு யாதும் அவர் கையில் இல்லை. ஆகவே இரு பொறிகளுக்கிடையே கம்பியிற் செல்லும் செய்திகளைக் கூர்ந்து நோக்கி, எவ்வினாவுக்கு எவ்விடை வருகின்றதென ஆராய்ந்து, அதனைப் போல் விடையிறுக்கும் நிரலைத் தாமே எழுதி, 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகோர்க்கு வழங்கினார். முன்னர் இட்ட பெயருக்கு வணிகக் குறியுரிமை பற்றிய தடை நேர்ந்தமையால், எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே அமைந்த சொல்லை அகராதிக் கோப்பில் தேடிச் சாம்பா என்னும் பெயரைத் தேர்ந்தனர். ஒரு மாணவர் தம் தேவைக்குச் செய்தது இன்று உலகெங்கும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் பயன்படுகின்றது.

நிற்க. தொகுத்தல் என்பது யாது? மாந்தர் படித்தற்குரிய வகையில் சி மொழியில் எழுதப்பட்ட நிரலைப் பொறி இயக்குதற்குரிய வடிவாக மாற்றுதலே அது. சாம்பாவின் மூலக்கட்டினை இறக்கியபின், அதனை உடைய குழுவினரின் இலக்கக் கையொப்பத்தோடு ஒத்துப்பார்த்தல் முதற்கடமை. அக்கையொப்பம் சுருக்கிய கோப்புக்கு இட்டதன்று, சுருக்கம் நீக்கிய கோப்புக்கு இட்டது. இதனை அறியாமல் யாம் முதலிற் சுருக்கிய கோப்பினையே சோதித்து, கோப்புப் பழுதுடையதென்று அஞ்சினோம்.

அடுத்துக் கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்னும் மூன்று கட்டளைகள். கன்ஃபிகர் என்பது இப்பொறியில் எவ்வெந் நூலகங்கள் உள, எவை இல என வினவி அறிவது. எமக்கு அது மூன்று முறை இடையில் நின்றது. வேண்டிய நூலகம் இருக்கவும் இல்லையென்று கூறுகின்றதே எனப் பொறியைப் பழித்தோம். பின்னர் அது விட்டுச்சென்ற பதிவேட்டை வரிவரியாகப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ஒரு நிரலை ஓட்டுதற்கு வேண்டும் நூலகம் வேறு. அந்நூலகத்தைச் சார்ந்து பிறிதொரு நிரலைத் தொகுத்தற்கு வேண்டும் தலைப்புக் கோப்புக்கள் வேறு. முன்னது இருந்தது, பின்னது இல்லை. மேலும், 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த 4.0 பதிப்பு முதலாக, விண்டோஸ் வலையமைப்பில் பயனர்களை ஆளும் ஆக்டிவ் டைரக்டரித் தலைமைப் பொறியாகவும் சாம்பா பணிசெய்ய வல்லது. கோப்புப் பகிர்வு மட்டும் வேண்டுவோர் அப்பகுதியை விலக்குமாறு கன்ஃபிகரிடம் சொல்லிவிடின், தேவையான நூலகங்கள் குறையும். இதுவும் யாம் தடுக்கி விழுந்து கற்றதே.

மேக் என்னும் கட்டளை நெடும்பொழுது ஓடிற்று. மேக் இன்ஸ்டால், வேறு இடம் குறியாதவழி, யூசர் என்னும் அடைவின்கீழ் லோக்கல், அதன்கீழ்ச் சாம்பா என்னும் தனியிடத்தில் யாவற்றையும் வைக்கும். ஆயினும் எக்கோப்புறையை யாருக்குப் பகிர்வது என்பதை அது அறியாது. அதனை அமைப்புக் கோப்பில் யாமே எழுதி, டெஸ்ட்பார்ம் என்னும் கருவியாற் பிழைதேர்ந்து, பயனர்க்குரிய கடவுச்சொல்லைச் சாம்பாவினிடம் தனியே பதிந்தோம். எல்லாம் முடிந்தும், பகிர்ந்த கோப்புறையில் எழுத இயலவில்லை. அமைப்புக் கோப்பில் எழுதும் அனுமதி தந்திருந்தோம். யூனிக்ஸ் அடைவின் அனுமதியோ அதனைத் தடுத்தது. அடியிலுள்ள தளம் மறுத்ததனை மேலுள்ள சாம்பா வழங்கவியலாது என்பதை அன்று கண்டோம்.

இனி, எதிர்வாதத்தை நேர்மையாக ஆராய்வோம். காலம் வீணாம் என்பது ஒன்று. பாதுகாப்புக் குறையும் என்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதே வலியது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் சாம்பாவில் ஒரு கொடிய பிழை வெளிப்பட்டது. பகிர்வில் எழுதும் உரிமை பெற்ற ஒருவன் தான் இட்ட நிரலைச் சேவையகமே இயக்குமாறு செய்ய அப்பிழை இடந்தந்தது. 2010-இல் வந்த 3.5.0 முதலான பதிப்புக்களில் அது மறைந்திருந்தது, 4.6.4, 4.5.10, 4.4.14 ஆகிய பதிப்புக்களில் நீக்கப்பட்டது. ஆயத்தப் பொதியை நிறுவியோர்க்கு வழக்கமான புதுப்பித்தலோடு மருந்தும் வந்து சேர்ந்தது. தாமே தொகுத்தோர்க்கு அறிவிப்பார் இலர். தாமே அறிந்து தாமே மீளத் தொகுத்தல் வேண்டியதாயிற்று. ஆதலின், பலர் நாடோறும் நம்பியிருக்கும் சேவையகத்திற் பொதியையே நிறுவுக என்பதை யாம் முழுமனத்தோடு ஒப்புகின்றோம். தொகுத்தபின் பேணாது விடுதல் தொகுக்காமையினும் தீது.

அற்றேல், தொகுத்தலாற் பயன் யாதெனின், அறிவே பயன். தமிழ் பயில்வோராகிய எமக்கு இதனை விளக்க எம் வகுப்பே போதும். உரையை மட்டும் படித்துத் தேர்வில் வெற்றி பெறலாம். ஆனால் உரையாசிரியர் இருவர் மாறுபடும் இடத்தில், மூலத்தைத் தொட்டறியாதவன் வாய் அடைபடும். மென்பொருளும் அவ்வாறே. பொதி என்பது பிறரொருவர் நமக்காகத் தெரிந்து அமைத்துத் தந்த முடிவு. எவை சேர்ந்தன, எவை விடப்பட்டன, ஏன் என்பதை ஒருமுறையேனும் தாமே செய்து பார்த்தவரே பொதி பழுதுறும் நாளில் திகையாது நிற்பர்.

இவ்வறிதற்குரிமை எளிதிற் கிடைத்ததன்று என்பதையும் நினைவுகூர்தல் தகும். விண்டோஸ் சேவையகங்களோடு பிறர் சேவையகங்கள் இணைந்து பணிபுரிதற்கு வேண்டும் நெறிமுறை விளக்கங்களை வெளியிடுமாறு 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் லக்சம்பர்க் நகரத்து நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், பதினாயிரம் யூரோ ஒருமுறை செலுத்தி, அவ்விளக்கங்களைச் சாம்பா ஆக்குவோர் பெறுதற்கு உடன்படிக்கை ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகளாகக் கம்பியில் ஒற்றுக்கேட்டுக் கற்றதனை ஏட்டிற் படிக்கும் உரிமை அன்றுதான் அவர்க்கு வாய்த்தது. பிறர் இத்துணை பாடுபட்டுத் திறந்துவைத்த கதவினுள் ஒருமுறையேனும் நுழையாதிருத்தல் எமக்கு அழகன்று.

எமது வேண்டுகோள் சிறியது. ஆண்டுதோறும் வேலையற்ற கணிப்பொறி ஒன்றைக் கல்லூரியின் பொது வலையினின்று பிரித்து மாணவரிடம் ஒப்புவித்தல் வேண்டும். அதில் அவர்கள் சாம்பாவைத் தொகுத்து நிறுவி, எங்கே நின்றது, ஏன் நின்றது, எவ்வாறு தீர்ந்தது என்பனவற்றை நல்ல தமிழில் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு வருவோர் அவ்வேட்டைத் திருத்தி வளர்ப்பாராக. கணிப்பொறி பயில்வோர் தமிழ் எழுதவும், தமிழ் பயில்வோர் கணிப்பொறி அறியவும் இஃது ஒரு வழியாகும்.

மூன்றாம் மாலையின் முடிவில், எம் துறையின் பழைய சஞ்சிகைகளைப் படமெடுத்த கோப்புக்களை அப்பொறியில் இட்டு, வாசகசாலையிலுள்ள விண்டோஸ் பொறியிலிருந்து திறந்தோம். தமிழிலேயே இட்ட கோப்புப் பெயர்கள் எழுத்துச் சிதையாமல் திரையில் தோன்றின. 2003-இல் வந்த 3.0 பதிப்பு முதலாகச் சாம்பா யூனிகோடைக் கையாளுதலே அதற்குக் காரணம். அதுவரை நகைத்த நண்பருள் ஒருவர் நாற்காலியை இழுத்து அருகில் அமர்ந்து, பதிவேட்டை முதலிலிருந்து காட்டுமாறு கேட்டார். அன்றிரவு நூல்நிலையம் மூடும்வரை யாம் எழவில்லை.