வியாழக்கிழமை ஜாக்கியின் முறை

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் நண்பர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே புலம்பினார்.

“ரெண்டு பசங்க சார். ரெண்டே ரெண்டு. வீடு மீன் மார்க்கெட் மாதிரி இருக்கு. நான் ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல உட்கார்றது வேலைக்காகன்னா நினைக்கறீங்க? பசங்க தூங்கினப்புறம் போய்ச் சேரலாம்னுதான்.”

போன வருஷம்தான் மேனேஜர் அவருக்குக் ‘கடின உழைப்பாளி’ என்று கேடயம் கொடுத்தார். அதற்கு நானும் கை தட்டியிருக்கிறேன். எனவே வாயை மூடிக்கொண்டேன்.

அன்று ராத்திரி எனக்கு சூசன்னா அம்மாள் ஞாபகம் வந்தது. சொந்தக்காரர் இல்லை, சார். இங்கிலாந்துக்காரர். 1669-ல் லண்டனில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு இவர் இருபத்தைந்தாவது குழந்தை! அந்த மனிதர் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டாரா, நம்பர் போட்டுக் கூப்பிட்டாரா, தெரியவில்லை.

இப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண், ‘கல்யாணமே வேண்டாம்’ என்று ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. 1688-ல் சாமுவேல் வெஸ்லி என்ற இளைஞரைக் கட்டிக்கொண்டார். அவர் பிறகு எப்வொர்த் என்ற கிராமத்துக்குப் பாதிரியார் ஆனார். இந்தத் தம்பதிக்குப் பிறந்தவை 19. வளர்ந்து ஆளானவர்கள் 10 பேர்தான். மற்றதெல்லாம் குழந்தையிலேயே போய்விட்டன. ஒரு கைக்குழந்தை, பார்த்துக்கொள்ள வந்த தாதி தூக்கத்தில் மேலே புரண்டு, மூச்சு முட்டிச் செத்தது. படிக்கவே கை நடுங்குகிறது. அந்தத் தாய் மறுநாள் காலையில் எழுந்து மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றியிருக்க வேண்டும்.

பாதிரியார் ரொம்ப நல்லவர், புத்தகப் புழு, கவிதை எழுதுவார். இந்த மூன்றும் சேர்ந்த மனிதரிடம் காசு நிற்குமா? 1705-ல் முப்பது பவுண்டுகூடத் தேறாத ஒரு கடனுக்காக அவரைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். வீட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாடுகளையும் வேண்டாதவர்கள் கத்தியால் குத்திவிட்டுப் போனார்கள். கையில் காசில்லாத சூசன்னா, மோதிரங்களைக் கழற்றி சிறைக்கு அனுப்பிவைத்தார். பாதிரியார் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய கவிதைகளை மன்னித்துவிடலாம்.

யார்க் பேராயர் ஒரு தடவை சூசன்னாவிடம், “உண்மையைச் சொல்லம்மா, என்றைக்காவது சாப்பாட்டுக்கே இல்லாமல் போயிருக்கிறதா?” என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்ன பதிலின் சாரம்: ‘இல்லாமல் போனதில்லை. ஆனால் அந்த ரொட்டியை வாங்குவதற்கு முன்னால் அத்தனை கவலை. தின்ற பிறகு அதற்குப் பணம் கட்ட அத்தனை கவலை. அதனால் தின்றதே ருசிக்கவில்லை.’

நான் பி.காம். மூன்று வருஷம் படித்தேன். தவணைக் கடன் என்றால் என்ன என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்த லெக்சரரும் விளக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை? அதுவும் நம் வீடு மாதிரிதான். மூன்றாம் வில்லியம் ராஜாவுக்காகப் பாதிரியார் ஜெபம் பண்ண, சூசன்னா ‘ஆமென்’ சொல்லவில்லை. அந்த வில்லியம் முறையான ராஜா இல்லை என்பது அம்மாள் கட்சி. பாதிரியார் கோபித்துக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். 1702-ல் அந்த ராஜா குதிரையிலிருந்து விழுந்து, கொஞ்ச நாளில் செத்தும் போனார். ராஜா போயும் ராங்கி போகவில்லை! அதே வருஷம் வீட்டில் தீப்பிடித்த பிறகுதான் சமாதானம். அடுத்த வருஷம் ஒரு மகன் பிறந்தான். பெயர் ஜான். வீட்டில் ஜாக்கி. பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லி இந்த ஜாக்கிதான். ‘ஆமென்’ தகராறு நீடித்திருந்தால் சபைச் சரித்திரமே மாறியிருக்கும்.

சரி, இத்தனை அமளியில் அந்த அம்மாள் சாமி கும்பிட்டது எப்போது? தனி அறை கிடையாது. ஏப்ரனைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். ‘அம்மா ஜெபம் பண்றா, தொந்தரவு பண்ணாதே’ என்று அர்த்தம். நம்மூர் முனிவர்களுக்கு இமயமலையில் குகை கிடைத்தது. சூசன்னாவுக்குக் கிடைத்த குகை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு முழத் துணி.

பிள்ளைகளுக்கு அவரே டீச்சர். ஐந்தாவது பிறந்தநாள் முடிந்த மறுநாள் பாடம் ஆரம்பம். ஒரே நாளில் எழுத்து அத்தனையும் வந்துவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது என்று குறையாக எழுதி வைத்திருக்கிறார். பெண் பிள்ளை நன்றாகப் படிக்கக் கற்ற பிறகுதான் ஊசி நூலைத் தொடலாம். தப்பை ஒப்புக்கொண்டால் அடி இல்லை. ஒரே தப்புக்கு இரண்டாம் தடவை தண்டனை இல்லை. இதெல்லாம் 1732-ல் அவர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

அதே கடிதத்தில், ஒரு வயசாகும்போதே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கினேன் என்றும் இருக்கிறது. இன்றைக்குப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் கதை சொல்லவில்லை, ஜால்ரா அடிக்கிறேன் என்று அர்த்தம். எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வாழ்ந்துவிடவும் இல்லை. ஹெட்டி என்று ஒரு பெண், கவிதை எழுதக்கூடிய புத்திசாலி. காதலில் ஏமாந்து நின்றவளை 1725-ல் அவசர அவசரமாக, பொருத்தமே இல்லாத ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். அப்பா கடைசிவரை மனம் இளகவில்லை. தினமும் ஜெபம் நடந்த வீடுதான். ஜெபம் இருந்தால் மன்னிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

1712 ஆரம்பம். பாதிரியார் சபை மாநாட்டுக்காக லண்டனில். ஒரு நாள் மூத்த மகள் எமிலி, அப்பாவின் அறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். எந்த ஊரைப் பற்றிய புத்தகம் தெரியுமோ? நம்ம தரங்கம்பாடி!

ஆமாம் சார். டென்மார்க் ராஜா அனுப்பி, 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் அவருடைய கூட்டாளியும் செய்த வேலைகளைப் பற்றிய புத்தகம். சின்னப் பையன்களோடு மணலில் உட்கார்ந்து ‘அ, ஆ’ எழுதித் தமிழ் படித்தாரே, பின்னால் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தாரே, அந்த சீகன்பால்க்.

அதைப் படித்த சூசன்னாவுக்கு நாள்கணக்கில் வேறு நினைப்பே இல்லை. ‘நான் ஆண் பிள்ளையும் இல்லை, பாதிரியாரும் இல்லை. கடல் கடந்து போகவும் முடியாது. ஆனால் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடச் செய்யலாமே’ என்று தோன்றியது. எங்கிருந்து ஆரம்பிப்பது? வீட்டிலிருந்து. ஒவ்வொரு பிள்ளையோடும் வாரம் ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தார்.

வீட்டில் அப்போது பேச்சுக்கு ஆன பிள்ளைகள் எட்டு. வாரத்தில் ராத்திரி ஏழு. கணக்கு இடிக்கிறதா? அம்மாளுக்கு இடிக்கவில்லை. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி (பெயரே அதுதான், வயசு ஆறுக்குள்!), சனி சார்லஸ், ஞாயிறு பெரிய பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

இதோடு ஞாயிறு சாயந்திரம் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் சமையலறையில் பிரசங்கம் வாசிப்பார். அதைக் கேட்க அக்கம்பக்கம் வந்து, கடைசியில் இருநூறு பேர் ஆகி, இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். உதவிப் பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார் போனது. ‘நிறுத்தினால் நல்லது’ என்று புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. சூசன்னா எழுதிய பதில்: ‘விருப்பம் என்று சொல்லாதீர்கள். கட்டளை என்று எழுதுங்கள். நாளைக்குக் கடவுள் முன்னால் நிற்கும்போது பழி என் மேல் வராது.’

பாதிரியார் கட்டளை போடவில்லை. அனுபவஸ்தர்!

எட்டு வயசு ஜாக்கி வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளி ஆனான். அப்போது அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். காசு கேட்கவில்லை, பலகாரம் கேட்கவில்லை. ‘எனக்காக ஒதுக்குவாயே, அந்த வியாழக்கிழமை சாயந்திரம், அதில் கொஞ்சம் எனக்குத் திரும்பக் கொடேன்’ என்று கேட்டான்.

இதை மறுநாள் கேன்டீனில் நண்பரிடம் சொன்னேன். டீ ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கு ரெண்டுதானே சார். அஞ்சு ராத்திரி மிச்சம் இருக்கே” என்றார். குரல் சரியாக இல்லை.

இந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு அவர் நாற்காலி காலி. மேனேஜர் என்னிடம் வந்து, “என்னய்யா, அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

‘இப்பத்தான் சார் சரியாகியிருக்கு’ என்றேன்.

மனசுக்குள்தான். எனக்கும் இன்க்ரிமென்ட் வேண்டுமே!