எடைக் கணக்கு யாருடையது?

கண்காணிப்பு, மதிப்பீடு என்றாலே பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது என்று எண்ணுகிறோம். உலக வங்கிக்கு அறிக்கை போக வேண்டும், அடுத்த தவணை வர வேண்டும்; அதற்குத்தான் இத்தனை பதிவேடும் படிவமும். அதிகாரிகள் இப்படி நம்புகிறார்கள், ஊழியர்கள் நம்புகிறார்கள், வெளிநாட்டு உதவியைத் திட்டுகிறவர்களும் இதே நம்பிக்கையில் நின்றுதான் திட்டுகிறார்கள். குழந்தைகளுக்குக் கேடு செய்கிற நம்பிக்கை இது. இதைப் பொய்யாக்கிய திட்டம் ஒன்று நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலேயே நடந்தது.

1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடத்திப் பார்த்துவிட்டு, ஆறு மாவட்டங்களின் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். திருநெல்வேலி அவற்றில் ஒன்று. தென்காசியும் குற்றாலமும் அப்போது அதில் அடக்கம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். போட்டவர் அந்த ஊர்ப் பெண். எடையைத் தாயின் கண்முன்னே வளர்ச்சி அட்டையில் குறித்தார். கோடு ஏறவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு. அரை கிலோ கூடினால் உணவு நிற்கும். கூடாவிட்டால் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிக் காரணம் தேடினார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எடை போட்டோம், எத்தனை பேர் தேறினார்கள் என்ற விவரத்தை ஊரின் ஊட்டச்சத்து மையச் சுவரில் பலகையில் எழுதி வைத்தார்கள். பத்து ஊழியர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. குறிக்கப்பட்ட எண் அதே இடத்தில், அதே வாரத்தில், அதே குழந்தைக்கு வேலை செய்தது என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பேன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருந்த ஊர்களிலும் பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது. மதிப்பீட்டாளர்கள் திணறினார்கள்: முன்னேற்றம் எங்கள் திட்டத்தாலா, அரசின் சோற்றாலா? பணம் கொடுத்தவருக்கு அது பெரிய கேள்விதான். தாயின் கேள்வி வேறு. என் பிள்ளை இந்த மாதம் எடை கூடியதா, இல்லையென்றால் ஏன்? முதல் கேள்விக்கு விடை தேட நிபுணர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு அந்த அட்டையை விட்டால் வேறு வழியில்லை.

எண் மேலிடத்துக்கு மட்டுமே என்றாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. கேவி என்னும் உலகத் தடுப்பூசிக் கூட்டணி, கூடுதலாகத் தடுப்பூசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்று நாடுகளுக்குக் கொடுத்தது. கூடுதலாக 1 கோடியே 39 லட்சம் குழந்தைகள் என்றன அரசுகளின் கணக்குகள். வீடுவீடாக நடந்த மாதிரி ஆய்வுகளைக் கொண்டு பார்த்தால் 74 லட்சம்தான் என்று 2008 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் காகிதத்தில் மட்டுமே இருந்தார்கள். இதை ஏழை நாடுகளின் நேர்மைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. எண்ணுக்கு விலை வைத்து, அந்த எண்ணைச் சரிபார்க்கும் உரிமையைத் தாய்க்குக் கொடுக்காமல் விட்டால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

தாய்க்குக் கணக்குப் புரியாது என்பவர்கள் கடையம், ஆலங்குளம் பக்கம் வந்து பார்க்கட்டும். ஆயிரம் பீடி சுற்றுகிற பெண், பீடிக்கடையில் எண்ணிக்கொள்வார்கள் என்று சும்மா இருப்பதில்லை. தானே எண்ணிக் கட்டித்தான் கொண்டுபோகிறாள். பிள்ளையின் எடை மட்டும் அவளுக்குப் புரியாதா?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுற்றுவட்டாரப் பெண்கள் பலருக்கு அருவிக்கரைக் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை. எடை போடும் நாளில் அவர்களால் வர முடியாது. மேலே போகும் அறிக்கையில் அது 'வராதவர்கள்' என்ற ஒரு எண். அதே எண்ணை ஊரில் வைத்துப் பேசினால், சாயங்காலம் எடை போடலாம் என்ற முடிவு அன்றைக்கே வரும். சென்னையிலோ டெல்லியிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கட்டும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, திட்டத்தில் சம்பந்தப்படாதவர்கள் நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பு போதும். தேசியக் குடும்பநல ஆய்வு அப்படித்தான் நடக்கிறது. மேலிடத்துக்காக அங்கன்வாடிப் பணியாளர் பதிவேட்டில் ஒருமுறை, போஷன் டிராக்கர் செயலியில் ஒருமுறை என்று எழுதிக்கொண்டிருந்தால், தாயோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதில் கரைந்துவிடுகிறது.

அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15 ஆனாலும் அக்டோபர் 2 ஆனாலும் எழுந்து கேளுங்கள்: நம் அங்கன்வாடியில் போன மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு எடை போட்டார்கள், எத்தனை பேருக்கு எடை கூடவில்லை, அவர்களுக்கு என்ன செய்தார்கள்? பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அந்த எண்களை மாதாமாதம் சுவரில் எழுதச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.