நூலடைவில் இடம்பெறாத மலை: நீலகிரியின் ஆசிரியர் வெளியீடுகளும் தமிழாய்வின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரி மாவட்டத்தில் வாழ்வோர் தம் சொந்தப் பொருட்செலவில் அச்சிட்டு வெளியிடும் நூல்கள் சிறாருக்கும் பெரியோருக்கும் உரியனவாகப் பல வகைப்பட்டு அமைகின்றன. பதிப்பக முத்திரை இன்மையால் இவை நூலகங்களுக்கும் ஆய்வுகளுக்கும் வெளியே நின்றுவிடுகின்றன. இந்நூல்களைத் தரம் கருதி ஒதுக்குவதற்கு முன் தரவு கருதித் தொகுக்க வேண்டும் என்பதும், அத்தொகுப்புப் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது என்பதும் இக்கருத்துரையின் நிலைப்பாடு.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் வெளியீடு, நீலகிரி, நூலடைவு, சிறார் நூல்கள், படகு மொழி, தோட்டத் தமிழர்.

முன்னுரை

நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு இலக்கியத்தைப் பகுத்தது தமிழ் மரபு. குறிஞ்சித்திணைப் பாடல்களைப் பற்றித் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் மிகப் பல. ஆயின், தமிழகக் குறிஞ்சி நிலங்களுள் ஒன்றான நீலகிரியில் இன்று வாழ்வோர் எழுதி அச்சிட்ட நூல்கள் எவை என ஓர் ஆய்வு மாணவர் வினவினால், அவரிடம் எதை எடுத்துக் கொடுப்பது? ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) உடனே நினைவுக்கு வரும். படகர் வாழ்வைப் பரிவுடன் எழுதிய அந்நாவல் வெளியிலிருந்து வந்து நோக்கிய ஒருவரின் படைப்பு.

நீலகிரி பற்றிய விரிவான நூலடைவு ஒன்று உண்டு. மானிடவியலாளர் பால் ஹாக்கிங்ஸ் 1978இல் வெளியிட்ட அடைவு, பின்னர் 1603 முதல் 1996 வரையிலான எழுத்துகளை உள்ளடக்கியதாக விரிவாக்கப்பட்டது. அயல்நாட்டு அறிஞர் ஒருவர் பல்லாண்டு உழைத்துச் செய்த அப்பணி பெரிதும் மலையைப் பற்றி எழுதப்பட்டவற்றின் அடைவு. மலைவாழ்வோர் தமிழில் எழுதியவற்றை மையமாகக் கொண்ட அடைவை உருவாக்குவது தமிழ்த்துறைகளுக்கு உரிய பணி. இது தள்ளிப்போடத் தக்கதன்று என்பதை இக்கருத்துரை எடுத்துரைக்கிறது.

1. ஆசிரியர் வெளியீடும் தமிழ்ப் பதிப்பு மரபும்

நூலாசிரியரே பதிப்பாளராகவும் விற்பனையாளராகவும் அமையும் நூலை ‘ஆசிரியர் வெளியீடு’ எனக் குறிப்பது வழக்கம். இச்சொல் இன்று சற்றுத் தாழ்வான பொருளில் ஆளப்படுகிறது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இத்தாழ்வு வியப்பளிக்கும். ஆறுமுக நாவலர் தம் அச்சுக்கூடத்திலேயே தம் நூல்களை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கையொப்பக்காரர்களின் முன்பணத்தைக் கொண்டே அச்சிட்டார். பாரதியார் 1920இல் தம் நூல்களை அச்சிடப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். பதிப்பகங்களின் துணையின்றி ஆசிரியர்தம் முயற்சியால் வந்த நூல்களே நம் அச்சுப் பண்பாட்டின் அடித்தளத்தில் பெரும்பகுதி.

தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலும் இதுவே நிலை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1940இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ ஒரு சிறு பாட்டுப் புத்தகம். தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் பரப்புவதற்காக எழுதப்பட்டது. இன்று மலையக வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் விடியல் பதிப்பகம் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் கொணரும் வரை, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அந்நூல் தமிழ் வாசகரின் கவனத்திற்கு வரவில்லை. அதன்பின் ‘பரதேசி’ (2013) திரைப்படத்திற்கும் அதுவே அடிப்படையாயிற்று. எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரின் நூல் தமிழ்ச் சூழலுக்குள் வர எத்துணைக் காலம் பிடிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

2. எழுதியவர் ஒருவர், அடைவில் நிற்பவர் வேறொருவர்

நீலகிரி தொடர்பான புகழ்பெற்ற நூல்களில் ஆசிரியர் என்னும் நிலையே ஆராயத்தக்கது. எமனோவின் ‘கோத்தா டெக்ஸ்ட்ஸ்’ (1944–46) திராவிட மொழியியலில் நிலைத்த இடம் பெற்ற தொகுதி. அதிலுள்ள கதைகளைச் சொன்னவர் கோத்தர் இனத்தைச் சேர்ந்த சுள்ளி. ஆங்கிலம் அறிந்த ஆசிரியரான அவரே மானிடவியலாளர் மண்டல்பாமுக்கும் முதன்மையான தகவலாளராக விளங்கினார். நூலகப் பட்டியல்களில் எமனோவின் பெயரே நிற்கிறது. எமனோவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. சொன்னவரை ‘தகவலாளர்’ எனவும் எழுதிக்கொண்டவரை ‘ஆசிரியர்’ எனவும் வகுக்கும் முறையால், மலைமக்களின் ஆசிரியத்துவம் அடைவுகளில் பதிவாகாமல் போகிறது என்பதே கருதத்தக்கது.

இதன் மறுபக்கம் எம்.கே. பெள்ளி கவுடரின் கைப்படி. 1923 முதல் 1941 வரையிலான காலத்தில் நீலகிரி மலைமக்களின் வரலாறு குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு அச்சேறாத கைப்படியாகவே அயலக அறிஞர்களின் நூல்களில் மேற்கோளாக இடம்பெறுகிறது. மலையைச் சேர்ந்தவரே எழுதியும் நூலாகாமல் நின்றதற்கு அது சான்று.

இவ்விரு நிலைகளையும் கடந்து, எழுதியவர் பெயரிலேயே அச்சேறும் வாய்ப்பை ஆசிரியர் வெளியீடுகள் தருகின்றன. ஊர் வரலாறு, ஹெத்தையம்மன் வழிபாட்டுப் பாடல் திரட்டு, பழமொழித் தொகுப்பு, தோட்ட வாழ்க்கை நினைவுக் குறிப்பு, கவிதைத் தொகுதி, சிறார் கதை என இவை பல்வகைப்படும். கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பின் ‘நீலகிரி சீமை சுத்தி’ போன்ற சமூகச் செய்தி இதழ்களும் இவற்றோடு இணைத்து நோக்கத்தக்கவை. ‘சுத்தி’ என்பது படகு மொழியில் செய்தியைக் குறிக்கும்.

3. வரிவடிவச் சிக்கலும் ஆசிரியரின் தீர்வும்

படகு, தோதா, கோத்தா, இருளா, குறும்பா, பணியா முதலிய மலைமொழிகளுக்கெனப் பரவலாக வழங்கும் தனி எழுத்து இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாசல் மிஷன் படகு மொழியில் அச்சிட்ட நற்செய்தி நூல் கன்னட எழுத்தில் அமைந்தது. ஹாக்கிங்ஸும் பிலோ-ரெச்சூரும் தொகுத்த படகு–ஆங்கில அகராதி (1992) உரோமன் எழுத்தில் அமைந்தது. இன்று மலையில் எழுதுவோர் பள்ளியில் கற்ற தமிழெழுத்தைப் பயன்படுத்துகின்றனர்.

தமிழின் பகரம் பல இடங்களில் படகில் ஹகரமாக ஒலிக்கும். பால் ‘ஹாலு’ எனவும் பட்டி ‘ஹட்டி’ எனவும் வழங்கும். இவ்வொலியைக் கிரந்த எழுத்தால் குறிப்பதா, விட்டுவிடுவதா என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ‘ஹெத்தையம்மன்’, ‘எத்தையம்மன்’ என ஒரே தெய்வத்தின் பெயர் இருவகையாக எழுதப்படுவதை நாளிதழ்களிலேயே காணலாம். படகு மொழியின் உயிரொலிகளைப் பற்றி எமனோ 1939இலேயே தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அவை நுட்பமானவை. தோதா மொழியின் உரசொலிகளும் ஆடொலிகளும் தமிழெழுத்துக்குள் அடங்குவதில்லை.

எனவே, மலைமொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் தரும் ஒவ்வொரு சிறுநூலும் ஓர் எழுத்துமுறைச் சோதனை. எந்த ஒலிக்கு எந்த எழுத்தை ஆசிரியர் தேர்ந்தார், எங்கே தடுமாறினார், அடுத்த நூலில் எதை மாற்றினார் என்பன மொழியியலுக்கு அரிய தரவுகள். தோட்டத் தமிழுக்கும் இது பொருந்தும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் ‘லயம்’ என்பதை இங்குள்ளோர் ‘லைன்’ என்பர். இருவகைத் தமிழும் ஒரே தோட்டத்தில் கலந்து வழங்கியதன் எழுத்துச் சான்றைப் பெரும்பதிப்பகங்களின் செப்பனிட்ட உரைநடையில் எதிர்பார்க்க இயலாது. மெய்ப்புத் திருத்துநரின் கை படாத நூல்களில்தான் அது எஞ்சும்.

4. சிறார் நூல்கள்

இவ்வகை நூல்களுள் விரைந்து மறைவன சிறார் நூல்கள். பதினாறு அல்லது இருபத்து நான்கு பக்கங்களில் கம்பியால் தைக்கப்பட்ட நூலுக்கு முதுகில் பெயர் அச்சிட இடமில்லை; நூலக அடுக்கில் வைத்தால் கண்ணில் படாது. மேலும், சிறார் நூல் குழந்தையின் கையில் பயன்பட்டே அழிவது. நன்கு விரும்பப்பட்ட நூலே முதலில் கிழியும். ஆகவே, எஞ்சியிருக்கும் படிகளைக் கொண்டு ஒரு சிறார் நூலின் செல்வாக்கை மதிப்பிடுதல் பிழையாகும்.

அழ. வள்ளியப்பாவும் அவர்தம் தோழர்களும் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்த காலந்தொட்டுத் தமிழ்ச் சிறார் இலக்கியம் வளர்ந்து வந்துள்ளது. அவ்விலக்கியத்தில் பெரிதும் காணப்படுவது சமவெளி நிலம். வயல், ஆற்றங்கரை, ஆலமரம், மாட்டு வண்டி ஆகியவை மலைக்குழந்தைக்குப் பாடநூல் வழி அறிமுகமாகின்றன. தேயிலைச் சரிவு, சோலைக்காடு, தோதர் மந்து, குடியிருப்புக்குள் வந்து நிற்கும் காட்டெருமை ஆகியவை அக்குழந்தையின் அன்றாடம். இவ்வன்றாடத்தைக் கதையாக்க முனைவோர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர்களும் பெற்றோர்களுமே. வண்ணப் படங்களுக்கான செலவு மிகுதி. விற்பனைக் களம் சிறிது. இச்சூழலில் பதிப்பகம் முன்வரும்வரை காத்திருந்தால் நூல் வராது.

மலைமொழிகளின் தொடர்ச்சி குழந்தைகளையே சார்ந்துள்ளது. தோதாவும் கோத்தாவும் யுனெஸ்கோவின் அழியும் நிலை மொழிப் பட்டியலில் இடம்பெற்றவை. வீட்டில் கேட்கும் சொல்லை அச்சில் காணும் குழந்தைக்கு அச்சொல் எழுதத்தக்கது என்னும் எண்ணம் தோன்றும். இதனைப் பெரிய திட்டங்களால் மட்டும் நிகழ்த்த இயலாது.

5. தரம் என்னும் தடை

ஆசிரியர் வெளியீடுகளைப் பற்றிய தலையாய எதிர்வாதம் தரம் குறித்தது. அச்சுப் பிழைகள், ஆண்டு குறிக்காமை, மேற்கோளுக்கு மூலம் தராமை, சமூகப் பெருமிதம் ஆகிய குறைகள் இவற்றில் உண்டு, மறுப்பதற்கில்லை. எடுத்துக்காட்டாகப் படகரின் தோற்றம் பற்றிய வாதத்தைக் கொள்ளலாம். விசயநகரப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ப் பகுதியிலிருந்து மலையேறியவர்கள் என்பது ஹாக்கிங்ஸ் முதலியோர் கருத்து. மலையின் தொல்குடியினரே என்பது படகர் எழுத்தாளர் சிலரின் கருத்து. பட்டியல் பழங்குடியினராக அறிவிக்க வேண்டும் என்னும் நெடுங்காலக் கோரிக்கையும் இதனோடு பிணைந்துள்ளது. இத்தகைய நூலை வரலாற்று முடிபாக ஏற்க வேண்டியதில்லை. ஒரு சமூகம் தன்னை எவ்வாறு விளக்கிக்கொள்கிறது என்பதற்கான முதன்மைச் சான்றாக அதனைக் கொள்ளாமல் தள்ளுவதும் ஆய்வுநெறியன்று.

குஜிலிப் பதிப்புகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. மலிவு நூல்கள் எனப் புலமையுலகம் ஒதுக்கிய அவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் ஆராய்ந்தபின் அவற்றின் மதிப்பு புலப்பட்டது. எவரோ சேர்த்து வைத்திருந்தமையால் அவ்வாய்வு இயன்றது. கோட்டையூர் ரோஜா முத்தையா இவ்வகை வெளியீடுகளையும் ஒதுக்காது திரட்டியிராவிடில் நம் அச்சு வரலாற்றின் பல பக்கங்கள் வெறுமையாகவே இருந்திருக்கும். எதிர்கால ஆய்வுக்கு எது வேண்டும் என்பதை இன்றைய சுவை கொண்டு முடிவு செய்தல் இயலாது. தொகுத்தல் முந்தியது, மதிப்பிடல் பிந்தியது.

6. செய்யத்தக்கன

முதலாவது, குறிப்புரையுடன் கூடிய நூலடைவு. ஈழத்தமிழ் நூல்களுக்கு என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ இதற்கு முன்மாதிரி. ஆசிரியர் வெளியீடுகளும் அதில் முறையாகப் பதிவு பெறுகின்றன. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகம் அவ்வகை நூல்களை வருடிக் காக்கிறது. நீலகிரி அடைவில் ‘ஹெத்தை/எத்தை’, ‘உதகமண்டலம்/உதகை/ஊட்டி’ ஆகிய வடிவ வேறுபாடுகள் குறுக்குக் குறிப்புகளுடன் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, சட்டவழி ஒப்படைப்பு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான முப்பது நாள்களுக்குள் கொல்கத்தாவின் தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் படி அனுப்ப வேண்டும். சிறுவெளியீடுகளையும் ‘நூல்’ என்றே அச்சட்டம் கொள்கிறது. தாமே பதிப்பாளர் என்பதால் இக்கடமை தம்மையே சாரும் என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பன்னாட்டுத் தர நூல் எண் இந்தியாவில் கட்டணமின்றி வழங்கப்படுவதையும் எடுத்துரைக்க வேண்டும். சட்டம் அச்சு நூலை மட்டுமே கருதுவதால், கிண்டில் போன்ற தளங்களில் மட்டும் வெளியாகும் மின்னூல்களுக்குத் தனிப் பதிவு தேவை.

மூன்றாவது, இடம். 1955 முதல் இயங்கும் உதகை அரசு கலைக் கல்லூரி, முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், 1859இல் தோன்றிய நீலகிரி நூலகம், கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கிலுள்ள நீலகிரி ஆவண மையம் ஆகியவை மலையிலேயே உள்ளன. இவற்றுள் ஒன்றில் ஆசிரியர் வெளியீடுகளுக்கெனத் தனி அடுக்கு அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது.

நான்காவது, ஆய்விதழ்களின் பங்கு. இதழ்தோறும் இரண்டு ஆசிரியர் வெளியீடுகளுக்கேனும் மதிப்புரை இடம்பெற வேண்டும். சலுகை தரும் மதிப்புரை பயன் தராது. பிழையைச் சுட்டி, மூலம் கேட்டு, ஆண்டும் படிக்கணக்கும் குறிக்குமாறு வற்புறுத்தும் மதிப்புரையே அடுத்த நூலைச் செம்மையாக்கும்.

முடிவுரை

ஆசிரியர் வெளியீடுகள் சில நூறு படிகளே அச்சாகின்றன. உறவினர்க்கும் விழாவுக்கு வந்தோர்க்கும் வழங்கியது போக எஞ்சியவை ஆசிரியரின் வீட்டில் தங்குகின்றன. நீலகிரியின் பருவமழைக்கால ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆசிரியர் மறைந்து வீடும் கைமாறினால் அந்நூல் உலகில் இருந்ததற்கே சான்றில்லை. எனவே, இப்பணியை அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு விட்டுவைத்தல் இயலாது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வூரார் வெளியிட்ட நூல்களைத் தேடித் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அச்சகம், பக்க அளவு ஆகிய ஐந்தனை மட்டும் பதிவு செய்தால், ஒரு கல்வியாண்டிற்குள் நீலகிரி அடைவின் முதல் தொகுதி உருப்பெறும்.